இரண்டு டிரம் தண்ணீர்

லிஃப்ட்காரர் என்றால் அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் காலமெல்லாம் உழைத்தவர், குடியிருந்தது லிஃப்டே இல்லாத ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில். ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிட்டுத் தான் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறுகிறார் என்று கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர் கேலி செய்வார். லிஃப்ட்காரர் சிரித்துக்கொள்வாரே தவிரப் பதில் சொல்லமாட்டார். அதிகம் பேசாத மனிதர். பேசினாலும் பாதியில் நிறுத்திவிடுவார். மீதியை எதிரில் இருப்பவர்தான் முடித்துக்கொள்ள வேண்டும்.

அவர் விட்ட மீதியை முடித்து வைக்க வீட்டில் ஒருத்தி இருந்தாள். அவர் மனைவி ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தவள். நாள் முழுவதும் பிள்ளைகளை வாயைப் பொத்தச் சொல்லிவிட்டு வந்து, அந்தப் பேச்சையெல்லாம் சேர்த்து வீட்டில் பேசுவாள். ஒரே மகள் பள்ளிப் படிப்பை முடித்த ஆண்டில் மனைவியின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டுவிட்டன. கொஞ்ச நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வந்தாள். போகும்போது படி இறங்கிவிடலாம். வரும்போது ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏற முடிந்தது. வீட்டிலேயே செய்துகொள்ளலாம், கூட இருப்பவருக்குப் பயிற்சி தருகிறோம் என்று டாக்டர் சொன்னதும் லிஃப்ட்காரர் உடனே தலையாட்டினார். மெஷின் என்றால் அவருக்குப் பயம் கிடையாது.

ஆனால் அவர் அதிகம் பாடுபட்டது மெஷினோடு அல்ல, தண்ணீரோடு. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினுக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது. நாம் குடித்தால் வயிறு சமாளித்துக்கொள்ளும் குளோரின், ரத்தத்துக்குப் பக்கத்தில் போனால் ரத்த அணுக்களை உடைத்துவிடும். அதனால் பின்னறையில் கரி நிரப்பிய இரண்டு உருளைகள், அவற்றைத் தாண்டி ஓர் ஆர்.ஓ. மெஷின், அதிலிருந்து கட்டிலுக்குப் போகும் குழாய் என்று பெரிய ஏற்பாடே இருந்தது. டயாலிசிஸ் நாட்களில் காலையில் முதல் வேலையாக, கரி உருளையைத் தாண்டி வரும் தண்ணீரைக் கொஞ்சம் பிடித்து, அதில் ஒரு வெள்ளைக் காகிதப் பட்டையை முக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நிறம் மாறக்கூடாது. மாறவில்லை என்றால் அறைக்கு வந்து தலையை ஆட்டுவார்.

"தண்ணீர்த்துறை மந்திரி உத்தரவு குடுத்துட்டார்" என்று சொல்லிவிட்டு அவள் ஊசிக்குக் கையை நீட்டுவாள்.

பட்டையின் முடிவை எழுதி வைக்கச் சொன்ன நர்ஸ் ஆரம்பத்தில் ஒருத்தி இருந்தாள். அவள் வேறு இடத்துக்கு மாறிப் போனபின் யாரும் அதைக் கேட்கவில்லை. அவரும் எழுதுவதை விட்டுவிட்டார். பட்டை குப்பைக் கூடைக்குப் போகும், காலை மதியமாகும், அவள் களைத்துத் தூங்குவாள். பல ஆண்டுகள் இப்படியே ஓடின. அந்த வீட்டில் சிரிப்பும் இருந்தது. ஆர்.ஓ. மெஷின் ஒதுக்கும் கழிவுத் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் அவர் தரையைத் துடைத்துக்கொண்டே இருந்ததால், இந்த வீட்டுக்கு வருகிறவர்கள் வழுக்கி விழாமல் போவதே அவரவர் அதிர்ஷ்டம் என்பாள்.

ஒரு குளிர்காலத்து மதியம், மெஷினிலிருந்து விடுவித்த பிறகு கட்டிலில் சாய்ந்தவள் மறுபடி எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இதயம் நின்றிருக்கிறது, இவ்வளவு காலம் டயாலிசிஸில் இருந்தவர்களுக்கு நடப்பதுதான் என்று சொன்னார். அவர் சொன்னதில் லிஃப்ட்காரருக்குச் சந்தேகம் வரவில்லை. சந்தேகம் மகளுக்கு வந்தது.

மகள் வேறு ஊரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுத்துத் தேய்க்கும் வேலையில் இருந்தாள். கணவனும் அந்த ஊரில்தான் வேலை பார்த்தான். அம்மாவின் சாவுக்கு வந்தவள், எல்லோரும் போன பிறகு ஃபோனில் எதையெதையோ படித்துக்கொண்டிருந்தாள். பிறகு சமையலறையில் நின்றிருந்த அப்பாவிடம் வந்தாள்.

"அன்னிக்குத் தண்ணி டெஸ்ட் பண்ணீங்களாப்பா?"

"பண்ணேன்" என்றார்.

பாதியில் நிறுத்தாமல் அவர் சொன்ன பேச்சு அது ஒன்றுதான். மகள் அவர் முகத்தை வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். அதற்கப்புறம் அதைக் கேட்கவில்லை. ஆனால் வருவது குறைந்தது. ஃபோனில் சாப்பாடும் மாத்திரையும் பற்றி மட்டும் பேசினார்கள்.

டயாலிசிஸ் மெஷினை ஆஸ்பத்திரிக்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். கரி உருளைகளும் ஆர்.ஓ. மெஷினும் இவர்கள் சொந்தமாக வாங்கியவை, அதனால் அவை பின்னறையிலேயே நின்றன. ஆர்.ஓ. மெஷினுக்குள் தண்ணீரை வடிகட்டும் சவ்வு காய்ந்தால் கெட்டுவிடும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். இனி அது கெட்டால் என்ன என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை. காலையில் எழுந்தார், மோட்டாரைப் போட்டார், சுத்தமான தண்ணீர் டிரம்மில் நிறைந்தது, அதைச் சாக்கடையில் ஊற்றினார். இரண்டு நாள் கழித்து மறுபடி போட்டார். கரி உருளைகளைக்கூட நேரத்துக்கு மாற்றினார். அந்த மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறவரை வீட்டில் யாரோ இருப்பதுபோல் இருந்திருக்க வேண்டும். அவர் அப்படியெல்லாம் சொல்கிற ஆள் இல்லை.

சாக்கடையில் ஓடும் தண்ணீரை மருந்துக்கடைக்காரர் கவனித்திருந்தார். அவர் வீட்டில் ஒரு கடல் மீன் தொட்டி இருந்தது. அதற்குச் சுத்தமான தண்ணீர் வேண்டும். குழாய்த் தண்ணீரில் உப்பைக் கலந்தால் பாசி பிடித்து உள்ளே வளரும் பவளம் செத்துவிடும். கடையிலிருந்து கேன் கேனாகத் தூக்கி வந்து அவருக்கு இடுப்பு போயிருந்தது. ஒருநாள் தயங்கித் தயங்கி மேலே வந்து, வீணாகப் போகிற தண்ணீரைத் தனக்குத் தரமுடியுமா என்று கேட்டார். லிஃப்ட்காரர் உள்ளே போய், கேனை நிரப்பி, அவரே கீழே தூக்கி வந்து வைத்துவிட்டுப் போனார்.

அப்படி ஓர் ஆண்டுக்குமேல் தண்ணீர் கொடுத்தார். பிறகு மருந்துக்கடைக்காரர் கடையை விற்றுவிட்டு மகனோடு இருக்கப் போனார். தொட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, விற்கவும் மனமில்லை, அதனால் லிஃப்ட்காரருக்கே கொடுத்துவிட்டார். மூன்றாவது மாடிக்கு அதை ஏற்ற நான்கு பேர் தேவைப்பட்டார்கள்.

தொட்டியில் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ஜோடி மீன், கண்ணாடிபோல் உள்ளே எல்லாம் தெரியும் ஓர் இறால், பாறையில் ஒட்டி வளர்ந்த பச்சைப் பவளம் எல்லாம் இருந்தன. மருந்துக்கடைக்காரர் போகும் முன் கற்றுக்கொடுத்ததை லிஃப்ட்காரர் ஒரு வார்த்தை தவறாமல் செய்தார். பின்னறையில் இரண்டு டிரம் வைத்தார். ஒன்றில் வெறும் சுத்தத் தண்ணீர். அதை இறுக்கி மூடி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றில் இருக்கும் தூசும் வாடையும் அதில் இறங்கிவிடும். இன்னொன்றில் உப்புத் தண்ணீர். தண்ணீரை நிரப்பிவிட்டு அதில்தான் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். உப்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் பால்போலக் கலங்கி அடியில் படிந்துவிடும். சின்ன பம்ப் ஒன்று அதை ஒரு முழு நாள் கலக்கிக்கொண்டிருக்கும். உப்பளவு பார்க்க விரல் நீளத்தில் தொலைநோக்கி மாதிரி ஒரு கருவி இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீரை அதன் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தைப் பார்த்தால் நீலக் கோடு எந்த எண்ணில் நிற்கிறது என்று தெரியும்.

உப்புத் தண்ணீர், வாரம் ஒருமுறை தொட்டித் தண்ணீரில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு அதற்குப் பதில் ஊற்ற. வெறும் தண்ணீர் தினமும் ஊற்ற. ஏனென்றால் தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு போவதில்லை. போனதைத்தான் திரும்பக் கொடுக்க வேண்டும். லிஃப்ட்காரருக்கு இந்தக் கணக்கு பிடித்திருந்தது.

அடுத்த முறை வந்த மகள் அந்தத் தொட்டியை முதன்முதலில் பார்த்தாள். பின்னறையில் மோட்டார் ஓடுவதைக் கேட்டாள், கதவுவரை போய்ப் பார்த்தாள்.

"அம்மாவோட மெஷின்ல மீனுக்குத் தண்ணியா?"

சும்மா நின்றால் அது கெட்டுவிடும் என்று அவர் ஆரம்பித்தார், வழக்கம்போலப் பாதியில் நிறுத்தினார். அவள் அதை முடித்து வைக்கவில்லை. சாயங்காலம் போவதாக இருந்தவள் மதியமே கிளம்பிவிட்டாள்.

அதற்கடுத்த ஆண்டு, ஒரு காலையில் வாளியோடு பின்னறையில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. எதிர்வீட்டுக்காரி சத்தம் கேட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். ஆபரேஷனும் அதன் பிறகு நடக்கப் பழகுவதுமாக வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டி வந்தது. மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து அப்பா வீட்டில் தங்கினாள். காலையில் வீட்டு வேலை, மதியம் ஆஸ்பத்திரி.

வந்த அன்று அவர் வலி மருந்தின் மயக்கத்தில் இருந்தார். மீனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவள் கேட்டதற்கு, தீனி அலமாரியில் இருக்கிறது, ஒரு சிட்டிகை போதும் என்றார். தொட்டிக்குப் பக்கவாட்டில் ஒரு கோடு போட்டிருக்கிறேன், தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் டிரம்மிலிருந்து எடுத்து ஊற்று என்றார். அவ்வளவுதான். டிரம் இரண்டு என்பது அவர் நினைவில் அப்போது இல்லை.

அவள் பின்னறைக்குப் போனபோது டிரம் இரண்டு இருந்தது. விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஒன்று உப்பு, இன்னொன்று சப்பென்று இருந்தது. கடல் மீனுக்கு எந்தத் தண்ணீர் என்று யாரைக் கேட்டாலும் அவள் செய்ததைத்தான் செய்வார்கள். தினமும் காலையில் ஒரு குவளை எடுத்து, சிந்தாமல் கோடுவரை உப்புத் தண்ணீரை ஊற்றினாள். அந்தத் தொட்டியைப் பிடிக்காவிட்டாலும் ஒருநாள்கூட மறக்கவில்லை. அப்பா படுத்திருக்கிறார், தன்னால் ஆனது இதுவாவது ஒழுங்காக நடக்கட்டும் என்று நினைத்தாள். மீன்கள் அவள் கையைப் பார்த்ததும் மேலே வர ஆரம்பித்திருந்தன. அதை ஆஸ்பத்திரியில் அவரிடம் சொன்னாள். அவர் சிரித்தார். அம்மா போனபின் அவர்கள் இருவரும் சாப்பாடு மாத்திரை தவிர வேறொன்றைப் பேசியது அதுதான்.

முதலில் இறாலைக் காணவில்லை. பாறை இடுக்கில் போயிருக்கும் என்று நினைத்தாள். பிறகு பவளம் சுருங்கிப் பழுப்பானது. தண்ணீரில் ஒரு நாற்றம் வந்தது. ஆஸ்பத்திரியில் அவருக்கு அன்று காய்ச்சல், அதனால் சொல்லவில்லை. அடுத்த காலையில் மீன்கள் இரண்டும் பக்கவாட்டில் சாய்ந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கண்ணெதிரேயே ஒன்றின் அசைவு நின்றது, கொஞ்சம் பொறுத்து மற்றதும் அடங்கியது. அவள் ஒரு வேகத்தில் இன்னும் ஒரு குவளை உப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினாள்.

அன்று முழுவதும் வீட்டில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். இழுப்பறையில் உப்பளவு பார்க்கும் அந்தக் கருவி கிடைத்தது. தன் வேலையில் தினம் கையாளும் சாமான்களின் சாயல் அதில் இருந்ததால், எப்படிப் பார்ப்பது என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. உப்பு டிரம்மிலிருந்து ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள். தொட்டியிலிருந்து ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள். தொட்டியின் நீலக் கோடு எங்கேயோ மேலே போய் நின்றது. தான் ஊற்றியதைவிடத் தொட்டியில் எப்படி உப்பு அதிகமாகும் என்று யோசித்துக்கொண்டு நின்றவளுக்கு, தொட்டி விளிம்பில் பூத்திருந்த வெள்ளை உப்பைப் பார்த்ததும் விஷயம் புரிந்துபோனது. இன்னொரு டிரம் எதற்கு இருந்தது என்பதும் புரிந்தது.

அவரிடம் சொல்லாமலே வைத்திருந்தாள். அவர் ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்த நாளில் கட்டடத்துக்காரர்கள் இரண்டு பேர் அவரை நாற்காலியில் வைத்து மாடிக்குத் தூக்கி வந்தார்கள். அவர்கள் போனபிறகு அவர் மெல்லத் தொட்டிக்குப் பக்கத்தில் போனார். மீன் இல்லாத தண்ணீரையும் உப்பு பூத்த விளிம்பையும் பார்த்தார். விரலை முக்கி நாக்கில் வைத்தார். மகள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

"எப்படிப்பா செத்துச்சு?" என்று கேட்டாள்.

அவர் திரும்பினார். "ஹீட்டர் போயிருக்கும்மா. பழைய ஹீட்டர். நானே மாத்தணும் மாத்தணும்னு..." என்று நிறுத்தினார்.

"ஹீட்டர் நல்லாத்தான் இருக்கு. நான் உப்பு பாத்துட்டேன்பா."

அவர் ஊன்றுகோலை மாற்றிப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். டிரம் இரண்டு என்று சொல்லாதது தன் தப்பு, அவள் மேல் ஒன்றும் இல்லை என்று சொன்னார். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"என் முகத்தைப் பாத்துப் பொய் சொன்னீங்க."

"நீ மனசு கஷ்டப்படுவேன்னுதான்."

"அதைத்தான் கேக்கறேன். அம்மா போன அன்னிக்கும் நான் கஷ்டப்படுவேன்னுதான் டெஸ்ட் பண்ணேன்னு சொன்னீங்களா?"

பின்னறையில் மோட்டார் ஓடவில்லை. அவர் விழுந்த நாளிலிருந்தே யாரும் அதைப் போடவில்லை. லிஃப்ட்காரர் ஊன்றுகோலைத் தரையில் வைத்தார்.

"நீ கேட்டப்போ பண்ணேன்னு எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சுதும்மா. பொய் இல்ல. அப்புறம் தினமும் அதையே நெனச்சுப் பாத்தேன். ஜன்னல்கிட்ட நிக்கறேன், பட்டையைப் பிடிச்சிருக்கேன், வெள்ளையா இருக்கு. ஆனா அது அன்னிக்குக் காலையிலயா, அதுக்கு முந்தியான்னு இப்ப எனக்கே தெரியல. எல்லாக் காலையும் ஒண்ணு மாதிரிதானே இருந்துச்சு."

அவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. அவள் தரையில் உட்கார்ந்தாள்.

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"தெரியலன்னு சொன்னா, பண்ணலன்னுதான நீ எடுத்துப்ப."

அவள் இல்லை என்று சொல்லவில்லை. அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பேன் என்றாள். அழவும் இல்லை. அம்மாவுக்கு அன்று காலையில் உடம்பு எப்படி இருந்தது, என்ன பேசினாள் என்று கேட்டாள். இத்தனை காலத்தில் அதை ஒருமுறைகூட அவள் கேட்டதில்லை. அவர் சொன்னார். அன்றைக்கும் மந்திரி என்று கேலி செய்தாளா என்று அவள் கேட்டபோது, தெரியவில்லை என்றார். அந்தக் கேலிக்கு முன்னால் வருவது தலையாட்டல், அதற்கும் முன்னால் பட்டை. கேலி நினைவிருந்தால் மற்றதும் நினைவிருக்கும். அப்பாவும் மகளும் அதை ஒரே நேரத்தில் புரிந்துகொண்டார்கள்.

மகள் விடுப்பை நீட்டிக்கொண்டாள். தொட்டியை அவளே காலி செய்தாள், பாறைகளைக் கழுவிக் கட்டி வைத்தாள். தொட்டியை எதிர்வீட்டுக்காரி தன் தம்பிக்கு என்று வாங்கிக்கொண்டாள். ஆர்.ஓ. மெஷினை வேறு யாருக்காவது கொடுக்கலாமா என்று ஆஸ்பத்திரியில் விசாரித்தார்கள். இத்தனை வாரம் ஓடாமல் நின்றதில் சவ்வு கெட்டிருக்கும், நோயாளிக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். பழைய சாமான் எடுப்பவன் வந்து கழற்றிக்கொண்டு போனான். கரி உருளையை அவன் படியில் உருட்டிக்கொண்டு போன சத்தம் கீழ்த்தளம்வரை கேட்டது. லிஃப்ட்காரர் அறைக்குள்ளேயே இருந்தார்.

அந்தக் காலோடு மூன்றாவது மாடியில் தனியாக இருக்க முடியாது. மகள் தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தரைத்தள வீடு. மருமகன் நல்ல மாதிரி, மாமா மாமா என்று வாய் நிறையக் கூப்பிடுவான். போன புதிதில் பக்கத்துக் கட்டடத்து லிஃப்டில் வந்த ஒரு சத்தத்தைக் கேட்டுவிட்டு, யாரையும் கேட்காமல் மூடியைத் திறந்து பார்த்து, காவலாளியிடம் திட்டு வாங்கினார். அதை மகள் சாப்பாட்டு மேஜையில் சொல்லிச் சிரித்தாள். மனைவி இருந்திருந்தால் இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பாள் என்று அவருக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

அம்மாவைப் பற்றி இப்போது அவர்கள் பேசுகிறார்கள். ஆனால் பேச்சு அந்தக் கடைசிக் காலையை நெருங்கும்போது இருவருமே நின்றுவிடுகிறார்கள். மகளுக்கு அவர்மேல் கோபம் இல்லை. நம்பிக்கை வந்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. தெரியாது என்கிற ஒன்றோடு ஒரே வீட்டில் இருக்கப் பழகிக்கொண்டார்கள்.

வெயில் நல்லபடியாக இருக்கும் நாட்களில் அவர் மெல்ல நடந்து மகளின் கடைக்குப் போய் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். அவள் லென்ஸை அளந்து வெட்டுவதைப் பார்ப்பார். ஒருமுறை அளந்ததை மறுபடி அளப்பாள், எடுத்து வைத்துவிட்டுத் திரும்பி வந்து மூன்றாவது முறையும் பார்ப்பாள். முன்பெல்லாம் இவள் இப்படி இல்லை, கை அவ்வளவு வேகம் என்று கூட வேலை செய்கிறவர் அவரிடம் சொன்னார். எப்போதிலிருந்து என்று அவர் கேட்கவில்லை. சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு இருவரும் தெருமுனைவரை வந்தார்கள். அவள் நின்றாள்.

"பூட்டினேனாப்பா?"

"பூட்டின."

அவர் பார்த்திருந்தார், நிச்சயம்தான். இருந்தாலும் அவள் திரும்பி நடந்தபோது அவரும் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு கூடவே போனார். அவள் பூட்டை இழுத்துப் பார்த்தாள். பிறகு அவரும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.